வட்டம் போட்டால் வண்டி வந்துவிடாது: வளரும் சென்னையும் தீயணைப்பு நிலையங்களும்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மே மாத இரவு. எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் இருந்த மீட்டர் பெட்டி பற்றிக்கொண்டது. எல்லா வீட்டிலும் ஏசி ஓடிக்கொண்டிருந்த நேரம். வாட்ச்மேன் அண்ணன் வாளியில் இருந்த மணலை அள்ளி வீசினார். முதல் மாடி அக்கா 101-க்கு போன் போட்டுவிட்டு, "தம்பி, நீ ஓடிப்போய் முனையில நில்லு, வண்டி வந்தா வழி காட்டு" என்றார். ஓடினேன். இரண்டு மூன்று நிமிடத்தில் சைரன் கேட்டது. நெருங்கி வந்தது. பிறகு விலகிப் போய்த் தேய்ந்தது.

எங்கள் தெருவின் பெயர் பிள்ளையார் கோயில் தெரு. அடுத்த நகரிலும் ஒரு பிள்ளையார் கோயில் தெரு உண்டு. வண்டி அங்கே போய்விட்டது. திரும்பி வந்து சேர்ந்தபோது இன்னொரு தடங்கல்: தெருவின் இரண்டு பக்கமும் கார்கள். வண்டியை முனையிலேயே நிறுத்திவிட்டு, பவுடர் சிலிண்டர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வீரர்கள் ஓடி வந்தார்கள். மின்சாரத்தைத் துண்டித்து, சில நிமிடங்களில் அணைத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மீட்டர் போர்டும் இரண்டு ஸ்கூட்டர்களும் போயின.

மறுநாள் வரைபடத்தில் பார்த்தேன். தீயணைப்பு நிலையத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. எந்த விதிமுறைப்படி பார்த்தாலும் எங்கள் தெரு பாதுகாப்பு எல்லைக்குள் இருக்கிறது. ஆனாலும் அந்த இரவு அவ்வளவு நேரம் ஆயிற்று. ஒரு நகரம் தன் தீயணைப்பு நிலையங்களை எங்கே, எத்தனை வைக்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது.

நிமிடங்களின் கணக்கு

முதலில், ஏன் இவ்வளவு அவசரம்? ஒரு வீட்டுக் கூடத்தில் சோபாவின் ஓரத்தில் தீப்பொறி விழுகிறது என்று வையுங்கள். முதல் சில நிமிடங்கள் அது அந்த சோபாவின் தீ மட்டும்தான். புகையும் சூடும் மேல்கூரையின் கீழ் தேங்கும். ஒரு கட்டத்தில் அந்தச் சூடு தாங்காமல் அறையில் உள்ள எல்லாப் பொருளும் ஏறத்தாழ ஒரே வீச்சில் பற்றிக்கொள்ளும். இதைத்தான் ஃபிளாஷ் ஓவர் என்கிறார்கள். அந்தக் கட்டத்தைத் தாண்டிய அறைக்குள் உயிரோடு யாரும் இருக்க வழியில்லை. அமெரிக்காவின் யூஎல் பரிசோதனைக்கூடம் பழைய காலத்து மரச்சாமானும் பஞ்சு மெத்தையும் கொண்ட ஓர் அறையையும், இன்றைய ஃபோம் சோபாவும் பிளாஸ்டிக்கும் நிறைந்த ஓர் அறையையும் பக்கத்தில் பக்கத்தில் கொளுத்திப் பார்த்தது. பழைய அறைக்கு ஃபிளாஷ் ஓவர் வர ஏறத்தாழ அரைமணி நேரம் ஆனது. புதிய அறைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

தாத்தா காலத்துத் தேக்கு நாற்காலி இருந்த வீட்டுக்குப் போதுமாக இருந்த நேரம், இன்றைய வீட்டுக்குப் போதாது.

தீயணைப்புக்கான நேரத்தைப் பெரும்பாலும் வண்டி சாலையில் ஓடும் நேரமாகவே நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு சங்கிலி. யாரோ ஒருவர் தீயைக் கவனிக்க வேண்டும். போன் எடுக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் முகவரியை வாங்கி, எந்த நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும் என்று முடிவாக வேண்டும். நிலையத்தில் மணி அடித்ததும் ஆட்கள் பூட்ஸை மாட்டி, வண்டியில் ஏறிப் புறப்பட வேண்டும். அதற்கப்புறம்தான் சாலை. சாலை முடிந்த பிறகும், ஹோஸை விரித்து, பம்பை ஓடவிட்டு, நெருப்பின் மேல் தண்ணீர் விழும்வரை கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அமெரிக்கத் தீயணைப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 1710 என்ற தரவிதி இதைத் துண்டு துண்டாகப் பிரித்து அளக்கிறது: தீ அழைப்புக்கு வண்டி ஏறிப் புறப்பட 80 விநாடி, முதல் வண்டி போய்ச் சேர 240 விநாடி. இதைச் சராசரியாக எட்டினால் போதாது, நூற்றுக்குத் தொண்ணூறு அழைப்புகளில் எட்ட வேண்டும் என்பது அந்த விதியின் உயிர்நாடி. அந்தத் தொண்ணூறுக்குப் பிறகு வருகிறேன்.

இந்தியாவில் இந்த வேலையை 1955-இல் உள்துறை அமைச்சகம் அமைத்த நிலையான தீயணைப்பு ஆலோசனைக் குழு செய்தது. நகர்ப்புறத்தில் 10 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், 5 முதல் 7 நிமிடத்துக்குள் வண்டி. ஊரகப் பகுதியில் 50 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று, 20 நிமிடம். நகரத் திட்டமிடுவோர் கையில் வைத்திருக்கும் மத்திய அரசின் 2014 வழிகாட்டி வேறு மாதிரி சொல்கிறது: இரண்டு லட்சம் பேருக்கு ஒன்று, அல்லது 5 முதல் 7 கிலோமீட்டர் ஆரத்துக்கு ஒன்று, இடையில் 3, 4 கிலோமீட்டருக்குள் துணை நிலையம். ஒரு விதி பரப்பைப் பேசுகிறது, இன்னொன்று தலையை எண்ணுகிறது. இரண்டுமே வரைபடத்தில் காம்பஸை ஊன்றி வட்டம் போட வைக்கின்றன.

வட்டத்தின் பொய்

சென்னையை எடுத்துக்கொள்வோம். 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர், ஆலந்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் எல்லாம் உள்ளே வந்தன. 155 வார்டுகள் 200 ஆயின. 426-ஐப் பத்தால் வகுத்தால் 43 நிலையம் போதும் என்று வரும். சுத்தமான கணக்கு. ஆனால் அதற்குள் வேகம் என்ற ஒன்றே கிடையாது.

வேகத்தை உள்ளே கொண்டுவந்து பார்ப்போம். தண்ணீர் நிரம்பிய ஒரு கனரக வண்டி சென்னைச் சாலையில் சராசரியாக மணிக்கு 24 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 400 மீட்டர். ஐந்து நிமிடத்தில் 2 கிலோமீட்டர். காம்பஸில் 2 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் பரப்பு சுமார் 12.5 சதுர கிலோமீட்டர். ஆனால் வண்டி காக்கையில்லை, நேர்க்கோட்டில் பறக்காது. தெருத்தெருவாகத் திரும்பித்தான் போக வேண்டும். கட்டம் கட்டமான தெருக்களில் ஒரே நேரத்தில் எட்டக்கூடிய எல்லை, முனையில் நிறுத்தி வைத்த சதுரம் மாதிரி இருக்கும். மார்கழிக் கோலத்தில் வரும் வைர வடிவம். அதன் பரப்பு 8 சதுர கிலோமீட்டர்தான். 426-ஐ எட்டால் வகுத்தால் 53.

இப்போது வேகத்தைக் கொஞ்சம் குறைப்போம். மாலை ஆறரை மணி, மழை தூறுகிறது. 24 இல்லை, 18 கிலோமீட்டர். ஐந்து நிமிடத்தில் ஒன்றரை கிலோமீட்டர். வைரத்தின் பரப்பு 4.5 சதுர கிலோமீட்டராகச் சுருங்குகிறது. தேவைப்படும் நிலையங்கள் 95. வேகம் கால்பங்கு குறைந்ததற்கு நிலையங்களின் தேவை ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது. இந்த ஒரு கணக்கைத்தான் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். தூரம் மாறவில்லை, நிலையம் இடம் மாறவில்லை, மக்கள்தொகைகூட மாறவில்லை. நெரிசல் ஏறியது, அவ்வளவுதான். ஒரு நிலையமும் மூடாமலே, ஒரு நகரம் தன் தீயணைப்புப் பாதுகாப்பில் பாதியை இழந்துவிட முடியும். வரைபடத்தில் அந்த இழப்பு தெரியவே தெரியாது.

நகரம் அகலும்போது என்ன ஆகிறது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறைக்காக ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்த பீட்டர் கோல்சரும் எட்வர்ட் பிளம்மும் 1973-இல் வெளியிட்டது. வண்டி போக வேண்டிய சராசரி தூரம், ஒரு நிலையத்தின் பங்குக்கு வரும் பரப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்றார்கள். சராசரி தூரத்தைப் பாதியாக்க வேண்டுமானால் நிலையங்களை நான்கு மடங்காக்க வேண்டும். நிலையங்கள் கூடாமல் பரப்பு மட்டும் 174-இலிருந்து 426 ஆனால், சராசரி தூரம் ஒன்றரை மடங்குக்கு மேல் நீளும். சென்னையோடு சேர்ந்த அம்பத்தூர் போன்ற ஊர்களில் ஏற்கெனவே நிலையங்கள் இருந்தன. ஆகவே நடந்தது அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் திசை அதுதான். எல்லைக்கோட்டை நகர்த்த ஓர் அரசாணை போதும். நிலையத்துக்கு நிலம், கட்டடம், வண்டி, மூன்று ஷிப்ட் ஆட்கள் எல்லாம் வேண்டும்.

அதே ராண்ட் ஆய்வாளர்களின் கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. 1970-களில் நியூயார்க் பணமில்லாமல் திண்டாடியது. எந்தெந்தத் தீயணைப்புப் பிரிவுகளை மூடலாம் என்ற கேள்விக்கு இந்த மாதிரிகளும் பதில் சொல்லப் பயன்பட்டன. மூடப்பட்டவற்றில் பல, தீ விபத்து மிகுந்திருந்த பிராங்க்ஸ், புரூக்ளின் பகுதிகளின் ஏழைக் குடியிருப்புகளில் இருந்தவை. அங்கே நிலையங்கள் நெருக்கமாக இருந்ததால், தூரத்தை மட்டும் பார்க்கும் கணக்குக்கு அவை மிகையாகத் தெரிந்தன. அந்தப் பிரிவுகள் இரவும் பகலும் வெளியிலேயே ஓடிக்கொண்டிருந்தன என்பதைக் கணக்கு போதிய அளவு எடைபோடவில்லை, நெரிசலையும் சரியாகப் பார்க்கவில்லை என்று பின்னால் கடுமையாக விமர்சித்தார்கள். வர்க்கமூல விதி சரியானதுதான். ஆனால் நிலையத்தில் வண்டி நிற்கிறது என்று நம்பிக்கொண்டுதான் அந்த விதி பேசுகிறது. மணி அடிக்கும்போது வண்டி இன்னொரு தீயில் இருந்தால், உங்களுக்கு மிக அருகில் உள்ள நிலையம் வெறும் கட்டடம்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. பல பத்தாண்டுகளாக அங்கே ஊரை அபாயத்தின்படி ஏ, பி, சி, டி என்று பிரித்து வைத்திருந்தார்கள். நெருக்கமான கடைவீதிக்கு ஐந்து நிமிடத்தில் இரண்டு வண்டி, தொலைதூரக் கிராமத்துக்கு இருபது நிமிடத்தில் ஒன்று. 2004 வாக்கில் அதையும் கைவிட்டு, ஒவ்வொரு பகுதியும் தன் அபாயத்தைத் தானே கணித்துத் திட்டம் போடட்டும் என்று விட்டார்கள். லண்டன் இன்றும் முதல் வண்டிக்குச் சராசரி 6 நிமிடம், இரண்டாவதுக்கு 8 என்று இலக்கு வைத்திருக்கிறது. இரண்டாவது வண்டியைத் தனியாக அளப்பதைக் கவனியுங்கள். முதல் வண்டியின் ஆட்கள் மட்டும் உள்ளே நுழைந்து ஒருவரைத் தூக்கி வருவதும், வெளியே தண்ணீரைப் பார்த்துக்கொள்வதும் இயலாத காரியம்.

தண்ணீர் என்றதும் ஒரு சின்னக் கணக்கு. நம் ஊரில் வழக்கமாகப் பார்க்கும் தீயணைப்பு வண்டியில் 4,500 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். ஒரு ஹோஸ் வழியே நிமிடத்துக்கு 450 லிட்டர் அடித்தால் பத்து நிமிடம். இரண்டு ஹோஸ் பிடித்தால் ஐந்து. அதற்குள் அடுத்த வண்டியோ தண்ணீர் லாரியோ வந்து சேர வேண்டும். பெரிய தீ என்றால் முதல் வண்டி வந்த நேரத்தைவிட, தண்ணீர் நடுவில் அறுந்துபோகாமல் இருந்ததா என்பதே முடிவைத் தீர்மானிக்கும். தெருமுனைக் குழாயில் ஹோஸை மாட்டித் தண்ணீர் எடுக்கும் வசதி இல்லாத பகுதிகளில், வண்டி நிரப்பும் இடம் எவ்வளவு தூரம் என்பதையும் நிலையத் திட்டத்தோடு சேர்த்தே வரைய வேண்டும்.

சென்னையின் தடைகள்

சென்னை வரைபடத்தில் எந்த வட்டத்தைப் போட்டாலும் அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒன்று ஓடும். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய், மூன்று திசையிலும் ரயில் பாதைகள், தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். பழைய மாமல்லபுரம் சாலைக்கும் (ஓஎம்ஆர்) கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவில் பக்கிங்காம் கால்வாய் நீளமாகக் கிடக்கிறது. இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரையின் அடுக்ககங்கள் கண்ணுக்குத் தெரியும். போக வேண்டுமானால் பாலம் இருக்கும் இடத்துக்குச் சுற்ற வேண்டும்.

ஓஎம்ஆரிலேயே இன்னொன்று. நடுவில் மீடியன். நிலையத்துக்கு எதிர்ப்புறம் இருக்கும் கட்டடத்தில் தீ என்றால், வண்டி இடப்பக்கம் திரும்பி, யூ டர்ன் இருக்கும் இடம்வரை போய், மறுபடி அதே தூரம் திரும்பி வர வேண்டும். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகள் தொடங்கியபின் தடுப்புகளும் மாற்றுப்பாதைகளும் சேர்ந்துகொண்டன. மெட்ரோ வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. நானே அதற்குக் காத்திருப்பவன். ஆனால் இத்தனை வருஷத்துக்குச் சாலையைக் குறுக்கும்போது, அந்தப் பகுதியின் தீயணைப்பு எல்லையைத் திரும்பக் கணித்து, தேவைப்பட்டால் தற்காலிகமாக ஒரு வண்டியை நடுவழியில் நிறுத்தி வைப்பது கட்டுமானத் திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும். நிலையத்துக்கு நேர் எதிரே மீடியனில் கழற்றக்கூடிய ஒரு திறப்பு வைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு புதிய நிலையத்தின் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பிறகு முகவரி. சென்னையில் வீட்டு எண் கேட்டால் "புதுசா பழசா" என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்டில் ஒரு எண், ரேஷன் கார்டில் ஒரு எண். 2011-க்குப் பிறகு தனித்தனி ஊர்களாக இருந்தவை ஒன்றாகியதில் எத்தனை காந்தி தெரு, எத்தனை அம்மன் கோயில் தெரு, எத்தனை முதல் பிரதான சாலை என்று எண்ணி முடியாது. பதற்றத்தில் போன் செய்கிறவர் "அம்மன் கோயில் பக்கத்துலங்க, சீக்கிரம் வாங்க" என்றுதான் சொல்வார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 112-க்கு அழைத்தால் போனின் இருப்பிடத்தை அறிய வழி இருப்பது பெரிய உதவி. அதோடு, தெருப்பெயரை மாற்றாமலே பகுதியின் பெயரைக் கட்டாயமாகப் பெயர்ப்பலகையில் சேர்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். எங்கள் வீட்டில் அன்று தொலைந்த நிமிடங்களை எந்தப் புதிய நிலையமும் மீட்டுத் தந்திருக்காது.

கடைசி நூறு மீட்டரைப் பற்றி தியாகராய நகருக்குத்தான் அதிகம் தெரியும். 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவில் பல மாடிக் கடை ஒன்று எரிந்து இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். 2017 மே 31 அதிகாலை உஸ்மான் சாலையில் தி சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் பிடித்த தீ ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தே விழுந்தது. தியாகராய நகருக்கென்று தனியே தீயணைப்பு நிலையம் உண்டு. விதிப்படி பார்த்தால் நகரிலேயே நல்ல பாதுகாப்புள்ள இடம். ஆனால் உள்ளே ஜன்னலில்லாத தளங்கள் முழுக்கத் துணி, முன்னால் மேம்பாலம், பக்கங்களில் ஒட்டிக்கொண்டு வேறு கட்டடங்கள். புகையைத் தாண்டி உள்ளே போக வழியில்லை. வண்டி சாலைக்கு வந்து சேர்ந்த நேரத்தை மட்டும் பதிவேட்டில் எழுதினால் அது வெற்றியாகவே தெரியும்.

அதே ஆண்டு ஜூலையில் கொடுங்கையூரில் ஒரு பேக்கரியில் தீ. இரவு நேரம், வேடிக்கை பார்க்கக் கூட்டம். அணைத்துக்கொண்டிருந்தபோது சிலிண்டர் வெடித்தது. ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். பலருக்குத் தீக்காயம், அவர்களில் நிறையப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள். கூட்டத்தை விலக்கப் போலீஸ் வந்து சேரும் நேரமும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான் என்பதை அந்த இரவு காட்டியது.

இப்படிப்பட்ட பெரிய தீக்கு நகரின் பல நிலையங்களிலிருந்தும் வண்டிகள் வரவழைக்கப்படும். அப்போது காலியான நிலையங்களின் பகுதிகளை யார் பார்ப்பது? நியூயார்க்கில் இதற்கென்றே, வேறு பகுதிகளில் சும்மா இருக்கும் வண்டிகளை நடுவிலுள்ள காலி நிலையங்களுக்கு நகர்த்தும் முறை உண்டு. கோல்சரும் வாரன் வாக்கரும் 1974-லேயே அதற்குக் கணினி முறை வகுத்தார்கள். கணக்கெல்லாம் சிக்கலில்லை. ஒவ்வொரு வண்டியும் இந்த நொடியில் எங்கே, என்ன நிலையில் இருக்கிறது என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்தால் போதும். நம் துறையின் பெயரே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள். பாம்பு பிடிக்க, கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்க, லிஃப்டில் மாட்டிக்கொண்டவரை வெளியே எடுக்க, மழைக்குச் சாய்ந்த மரத்தை அறுக்க அவர்களைத்தான் கூப்பிடுகிறோம். கூப்பிடவும் வேண்டும். ஆனால் அவற்றுக்கெல்லாம் தண்ணீர் சுமக்கும் பெரிய வண்டியே கிளம்பினால், அந்த நேரத்தில் அந்த நிலையத்தின் எல்லை சுழியமாகிறது. சின்ன மீட்பு வண்டி ஒன்றை, அதற்கென்று ஆட்களோடு வைப்பது, பல இடங்களில் புதிய நிலையம் கட்டுவதற்குச் சமமான பலன் தரும்.

நிலம் யார் கையில்

இந்தியாவில் தீயணைப்பு எல்லா ஊரிலும் ஒரே கையில் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் பன்னிரண்டாவது அட்டவணை அதை நகராட்சிகளின் பணிப் பட்டியலில் வைத்திருக்கிறது. மும்பை, அகமதாபாத், புனே போன்ற ஊர்களில் மாநகராட்சியே தீயணைப்புப் படையை நடத்துகிறது. தமிழ்நாட்டில் அது மாநில அரசின் துறை; 1908-இல் மதராஸில் தொடங்கிய படையின் வழி வந்தது, 1985-இன் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. மாநிலம் முழுக்க ஒரே பயிற்சி, ஒரே கட்டளை, வெள்ளம் வந்தால் மாவட்டம் விட்டு மாவட்டம் படையை நகர்த்தும் வசதி இதனால் கிடைக்கிறது. 2015 டிசம்பரில் அதன் அருமை தெரிந்தது. ஆனால் கட்டட அனுமதியும் மனைப்பிரிவு அனுமதியும் தருவது பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் உள்ளாட்சியும். தெருவை வைத்திருப்பது மாநகராட்சி. எங்கே அடுத்த ஐயாயிரம் வீடு வரப்போகிறது என்று முதலில் தெரிவது ஓர் அலுவலகத்துக்கு, அங்கே வண்டி அனுப்ப வேண்டியது இன்னொரு அலுவலகம்.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து ஆணை வந்தது. இதில் பெரும்பகுதி இன்னும் சட்டப்படி கிராம ஊராட்சி. பழைய விதியின் ஊரக அளவுகோலை, அதாவது 50 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்பதை வைத்தால் 118 நிலையம். நகர அளவுகோலை வைத்தால் 590. ஒரே மண்ணுக்கு இரண்டு விடை. படூர், தையூர் பக்கம் போய்ப் பாருங்கள். ஊராட்சி அலுவலகத்தின் பின்னாலேயே வானுயர் அடுக்ககங்கள் நிற்கின்றன. பதினைந்தாவது மாடியில் இருக்கும் பாட்டிக்கு, அவர் வாழ்வது 'ஊரகம்' என்பதால் 20 நிமிடம் காத்திருக்கலாம் என்று யார் சொல்ல முடியும்?

எண்ணிக்கையை விடவும் அவசரமானது நிலம். மத்திய வழிகாட்டி ஒரு தீயணைப்பு நிலையத்துக்குக் குடியிருப்போடு சேர்த்து ஒரு ஹெக்டேர் கேட்கிறது, துணை நிலையத்துக்கு 0.6 ஹெக்டேர். வீரர்கள் அங்கேயே குடியிருந்தால்தான் பெரிய அழைப்பு வரும்போது ஓய்வில் இருப்பவரையும் எழுப்ப முடியும். இன்றைய வேளச்சேரியிலோ அண்ணா நகரிலோ ஒரு ஹெக்டேர், அதுவும் பிரதான சாலையை ஒட்டி, யார் தருவார்கள்? வயல் மனையாக மாறும் அந்த ஓரிரண்டு வருஷத்தில் ஒதுக்கினால்தான் உண்டு. மனைப்பிரிவு போடும்போது பூங்காவுக்குப் பத்து சதவீதம் திறந்தவெளி விடச் சொல்கிறது விதி. நல்ல விதி, அது இல்லாவிட்டால் இந்த ஊரில் பிள்ளைகள் விளையாட இடமே இருக்காது. அதேபோல, பல மனைப்பிரிவுகளைச் சேர்த்துப் பார்த்து, எந்தச் சந்திப்பில் நிலையம் வந்தால் சுற்றியுள்ள எல்லாவற்றையும் எட்டலாம் என்று முன்கூட்டியே குறித்து, அந்தத் துண்டைத் தனியே பூட்டி வைக்க வேண்டும். கட்டடம் பத்து வருஷம் கழித்து வரட்டும்.

அந்தச் சந்திப்பைக் கண்டுபிடிக்கும் கணக்கும் பழையதுதான். 1970-களின் தொடக்கத்தில் சார்லஸ் ரெவெல்லும் அவரோடு வேலை செய்தவர்களும் இரண்டு கேள்விகளாக அதைப் பிரித்தார்கள். ஊரில் ஒரு வீடுகூட விடுபடாமல் குறித்த நேரத்துக்குள் எட்ட, குறைந்தது எத்தனை நிலையம் வேண்டும்? பணம் ஐந்து நிலையத்துக்குத்தான் இருக்கிறது என்றால், அவற்றை எங்கே வைத்தால் அதிகம் பேரை எட்டலாம்? அரசுகள் எப்போதும் இரண்டாவது கேள்வியைத்தான் கேட்கின்றன. அது இயல்பு. ஆனால் முதல் கேள்விக்கான விடையையும் பக்கத்திலேயே எழுதி வைத்தால்தான், விடுபட்டவர்கள் யார் என்று தெரியும். பெரும்பாலும் அவர்கள் ஊரின் ஓரத்தில், குறுகலான சந்துகளில், தார்ப்பாய்க் கூரையின் கீழ் வாழ்பவர்கள். தீ முதலில் தேடிப் போவதும் அவர்களைத்தான்.

பணம் முற்றிலும் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. பதினைந்தாவது நிதிக்குழுவின் பரிந்துரையின்படி, மாநிலங்களின் தீயணைப்புத் துறைகளை விரிவாக்க 2023-இல் மத்திய அரசு 5,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. அது நாடு முழுமைக்குமான தொகை. அதில் உயரமான ஏணி வண்டி வாங்கலாம், புதிய நிலையமும் கட்டலாம். கொடியசைத்துத் தொடங்கி வைக்க ஏணி வண்டிதான் அழகாக இருக்கும். 54 மீட்டர் ஏணி வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது நெரிசலில் ஊர்ந்து வந்து சேர்வதற்குள் நாலு மாடி வீட்டின் இரண்டாவது மாடி எரிந்து முடிந்திருக்கும்.

இப்போது அந்தத் தொண்ணூறு. ஒரு நிலையத்துக்குப் பத்து அழைப்புகள் வருகின்றன. ஒன்பதுக்கு ஐந்து நிமிடத்தில் வண்டி போகிறது. பத்தாவதுக்குப் பதினைந்து நிமிடம். சராசரி ஆறு நிமிடம், இலக்குக்குள்தான் இருக்கிறது, அறிக்கையில் எல்லாம் பச்சை. அந்தப் பத்தாவது வீடு அதில் இல்லவே இல்லை. தொண்ணூறு சதவீத அழைப்புகள் எத்தனை நிமிடத்துக்குள் என்று வார்டு வாரியாக, காலை, மாலை, நள்ளிரவு என்று நேரம் வாரியாக வெளியிட்டால், எந்த ஊர்க்காரரும் தன் தெருவைத் தானே தேடிப் பார்த்துக்கொள்ளலாம். வண்டிகளில் ஜிபிஎஸ் இருந்தால் இதற்குப் புதிதாக ஒருவரும் எழுத வேண்டியதில்லை. அழைப்பு வந்த நொடி, நிலையத்தை விட்ட நொடி, நின்ற நொடி, தண்ணீர் அடித்த நொடி: நான்கு நேரங்கள். சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கும் இந்தச் சமயத்தில், அந்த நான்கு நேரங்களையும் வண்ணம் தீட்டிய ஒரு வரைபடம் அதோடு இணைக்கப்பட வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது.

எங்கள் அடுக்ககத்தில் அந்தக் கோடைக்குப் பிறகு மீட்டர் பெட்டியைப் படிக்கட்டிலிருந்து தள்ளி மாற்றினோம். கேட்டில் பழைய எண், புதிய எண், நகரின் பெயர் மூன்றையும் பெரிதாக எழுதினோம். தெருமுனையிலிருந்து எங்கள் வாசல் வரை டேப் பிடித்து அளந்தார் வாட்ச்மேன் அண்ணன். 110 மீட்டர். பதினைந்து மீட்டர் ஹோஸ் என்றால் எட்டு இணைக்க வேண்டும். அதை ஒரு தாளில் எழுதி, 101, 112 இரண்டு எண்களுக்கும் கீழே, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்.